வியர்க்காத குதிரையைப் போட்டிக்கு இறக்காதீர்கள்

"பாருங்க டாக்டர், ஒரு சொட்டு வியர்வைகூட இல்லை. இன்னும் களைக்கவே இல்லை." சவாரி பழகும் பிள்ளைகளின் பெற்றோர் இப்படிப் பெருமையாகச் சொல்லும்போது எனக்குப் பகீரென்றிருக்கும்.

குதிரையும் நம்மைப் போல வியர்த்துத்தான் உடம்பைத் தணித்துக்கொள்கிறது. சிங்கப்பூரில் வருடம் முழுக்க 31, 32 டிகிரி வெயில், கூடவே ஈரக்காற்று. வெளிநாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு இங்கே வியர்வைச் சுரப்பிகள் மெல்ல வேலைசெய்யாமல் போய்விடும். இதற்கு அன்ஹைட்ரோசிஸ் என்று பெயர். ரோமம் காய்ந்து கிடக்கும். சவாரி முடிந்து வெகுநேரமாகியும் மூச்சிரைப்பு அடங்காது, மூக்குத்துளைகள் விரிந்தே இருக்கும். ஓய்வில் 37.5 முதல் 38.5 டிகிரி வரை இருக்கும் உடல் வெப்பம் 40-ஐத் தாண்டிவிடும். உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. வேலையைக் குறைக்கலாம், லாயத்தில் மின்விசிறி வைக்கலாம், குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் குளிர்நாட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும். இந்த நிலையில் இருக்கும் குதிரையை ஒரு பரிசு ரிப்பனுக்காகத் தடைதாண்ட வைப்பது கொடுமை.

அப்புறம், "அடம்பிடிக்கிறது" என்ற குற்றச்சாட்டு. வலித்தால் குதிரை பெரும்பாலும் கத்தாது. காதைப் பின்னால் மடக்கும், வாயைத் திறக்கும், வாலை அடிக்கும், தடைக்கு முன்னால் நின்றுவிடும். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசன் இப்படி 24 நடத்தைகளைத் தொகுத்திருக்கிறார். சவாரியின்போது அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால், தசையிலோ எலும்பிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குச் சவுக்கை எடுத்தால் என்ன நியாயம்? 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், சவாரியும் ஒரு பகுதியாக இருந்த நவீன பென்டத்லான் என்ற ஐந்து விளையாட்டுப் போட்டியில், செயின்ட் பாய் என்ற குதிரை தாண்ட மறுத்தது, ஒரு பயிற்சியாளர் அதைக் கையால் குத்தினார். உலகம் கொதித்தது. பாரிஸ் 2024க்குப் பிறகு நவீன பென்டத்லானிலிருந்து சவாரியே நீக்கப்பட்டுவிட்டது. குதிரையின் மூக்கைச் சுற்றிக் கட்டும் மூக்குப்பட்டையின் இறுக்கத்தை அளக்க, சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025இல் தனிக் கருவியே கொண்டுவந்தது.

சிங்கப்பூரின் கிராஞ்சி மைதானத்தில் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபரோடு நின்றது. சவாரிப் பள்ளிகளும் போட்டிகளும் நிற்கவில்லை.

உங்கள் பிள்ளை ஏறும் குதிரையின் விலாவை 15 விநாடி பார்த்து மூச்சை எண்ணுங்கள், நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 8 முதல் 16 வரை இருக்கலாம். அதைவிட மிக அதிகமாக இருந்தால் பயிற்சியாளரிடம் சொல்லி, அன்றைய போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள். கட்டணம் போகும், பிள்ளை அழும். பரவாயில்லை, எடுத்துவிடுங்கள்.