எந்த லாக் முதலில்?

ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு புரோகிராம்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஒன்று, 'படங்கள்' என்ற ஃபோல்டரிலிருந்து ஒரு ஃபைலை 'பழையவை' என்ற ஃபோல்டருக்கு நகர்த்துகிறது. மற்றொன்று, அதே நொடியில் 'பழையவை'யிலிருந்து வேறொரு ஃபைலை 'படங்கள்' ஃபோல்டருக்குக் கொண்டுவருகிறது. தினமும் நடக்கிற வேலைதான். ஆனால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதியவர் கவனமாக இல்லாவிட்டால், இந்த இரண்டு சாதாரண வேலைகளும் சேர்ந்து அந்த ஃபோல்டர்களை யாருமே தொட முடியாதபடி செய்துவிடும்.

ஃபைலை நகர்த்தும்போது இரண்டு ஃபோல்டர்களின் பட்டியலும் மாறுகிறது. பாதி மாறிய நிலையில் வேறு யாரும் அந்தப் பட்டியலைத் தொடக்கூடாது. அதற்காகத்தான் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு லாக். லாக்கை எடுத்தவர் வேலையை முடித்து அதை விடும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். முதல் புரோகிராம் 'படங்கள்' லாக்கை எடுக்கிறது. அதே கணத்தில் இன்னொரு கோரில் (சிபியுவுக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) இரண்டாவது புரோகிராம் 'பழையவை' லாக்கை எடுக்கிறது. இப்போது ஒவ்வொன்றுக்கும் மற்றதன் கையில் இருப்பது வேண்டும். கையில் இருப்பதை இரண்டுமே விடாது. இதுதான் டெட்லாக்.

லாக் இல்லாமலே சமாளித்தால் என்ன? ஒரு எண்ணோடு ஒன்றைக் கூட்டுவது நமக்கு ஒரே செயல். சிபியுவுக்கோ பெரும்பாலும் மூன்று: நினைவகத்திலிருந்து எடு, ஒன்று கூட்டு, திரும்ப வை. இரண்டு கோர்கள் ஒரே சமயத்தில் 7-ஐ எடுத்தால், இரண்டுமே 8-ஐத் திரும்ப வைக்கும். 9 வந்திருக்க வேண்டிய இடத்தில் 8. அந்த எண், ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்காக இருந்தால், ஒருவர் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே கெர்னல் அதை அழித்துவிடும். ஆகவே பாதுகாப்பு ஏதாவது இருந்தே ஆக வேண்டும்.

சாதாரண புரோகிராமில் டெட்லாக் வந்தால் அதை மூடிவிட்டு மறுபடி திறக்கலாம். கெர்னலை மூடுவதற்கு அதற்கு மேலே யாரும் இல்லை. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் மியூட்டெக்ஸ் என்ற லாக்குக்காகக் காத்திருக்கும் புரோகிராம் பொதுவாக 'டி' என்ற நிலையில் தூங்குகிறது. அந்த நிலையில், எதற்கும் அடங்காததையும் அடக்கிவிடும் என்று நாம் நம்புகிற 'கில் 9' கட்டளைகூட எடுபடாது. பல கணினிகளில் 120 நொடிகள் கழித்து, 'இந்தப் புரோகிராம் நகரவே இல்லை' என்று கெர்னல் பதிவேட்டில் ஒரு வரி விழும். அவ்வளவுதான், முடிச்சு அவிழாது.

டெட்லாக் உண்டாக நான்கு நிலைமைகள் ஒன்றுசேர வேண்டும் என்று 1971-இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் எழுதிய கட்டுரை சொன்னது. ஒரு பொருள் ஒரு சமயத்தில் ஒருவருக்கே, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்ததற்குக் காத்திருத்தல், எடுத்தவரிடமிருந்து பிடுங்க முடியாமை, காத்திருப்பவர்கள் ஒரு வட்டமாக நிற்பது. இதில் ஏதாவது ஒன்றை உடைத்தால் போதும். கெர்னலில் முதல் மூன்றில் கைவைப்பது கடினம். ஆகவே பெரும்பாலும் உடைக்கப்படுவது நான்காவதுதான். வழி சுலபமாகச் சொல்லக்கூடியது: எல்லோரும் லாக்குகளை ஒரே வரிசையில் எடுங்கள். 'படங்கள்' முதலில், 'பழையவை' அடுத்து என்று இருவருமே எடுத்தால் வட்டம் உருவாகவே முடியாது.

சரி, எது முதல் என்பதை யார் முடிவு செய்வது? சில இடங்களில் எண்ணே போதும். வேலைகளை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இரண்டு கோர்களின் வரிசைப் பட்டியல்களையும் பூட்ட வேண்டியிருக்கும். அங்கே சிறிய எண்ணுள்ள கோரின் லாக் முதலில். ஃபோல்டர்களில் அது சரிப்படாது. ஒரு ஃபோல்டருக்குள் இன்னொன்று இருக்கும்போது, மேலே இருப்பதைப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே இருப்பதைப் பூட்ட வேண்டும் என்பது கெர்னல் முழுக்க உள்ள வழக்கம். ஆனால் நகர்த்துவது என்பதே, ஃபோல்டருக்குள் ஃபோல்டராகக் கிளைக்கும் இந்த மரத்தின் வடிவத்தை மாற்றுகிற வேலை. எது மேலே, எது கீழே என்று நான் பார்த்து முடிப்பதற்குள் வேறு யாராவது ஒரு ஃபோல்டரைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டால், நான் கண்டுபிடித்த வரிசையே பொய்யாகிவிடும். அதனால் லினக்ஸ் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் (ஃபைல்களை வட்டில் ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) ஒரு தனி லாக்கை வைத்திருக்கிறது. ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் நகர்த்துபவர் முதலில் அதை எடுக்க வேண்டும். அதாவது ஒரு ஃபைல் சிஸ்டத்தில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு நகர்த்தல்தான். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து, வரிசை மாறாது என்ற உறுதியை வாங்கியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வுகளில் இது ஒன்று.

இரண்டு லாக் இருந்தால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஒரே லாக்கில் ஒருவரே மாட்டிக்கொள்ளலாம். ஸ்பின்லாக் என்பது தூங்காமல் காத்திருக்கும் வகை. லாக் கிடைக்கும்வரை அந்தக் கோர் 'கிடைத்ததா, கிடைத்ததா' என்று கேட்டபடி ஒரே இடத்தில் சுற்றும். ஒரு நெட்வொர்க் கார்டின் டிரைவர், அதாவது அந்தக் கார்டை இயக்கும் புரோகிராம், வந்த தகவல்களின் பட்டியலைப் பார்க்க ஒரு ஸ்பின்லாக்கை எடுக்கிறது என்று வையுங்கள். அந்த நேரம் பார்த்து கார்டுக்குப் புதிய தகவல் வருகிறது. கார்டு 'உடனே என்னைக் கவனி' என்ற சைகையை, அதாவது இன்டரப்டை, அனுப்புகிறது. கோர் செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு இன்டரப்ட் வேலைக்குத் தாவுகிறது. அந்த வேலைக்கும் அதே பட்டியல் வேண்டும், அதே லாக் வேண்டும். லாக்கை வைத்திருப்பதோ அதே கோரில் பாதியில் நிறுத்தப்பட்ட பழைய வேலை. இன்டரப்ட் முடிந்தால்தான் அது தொடரும். அது லாக்கை விட்டால்தான் இன்டரப்ட் முடியும். அந்தக் கோர் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வு, லாக்கை எடுக்கும்போதே அந்தக் கோரில் இன்டரப்டுகளை நிறுத்திவைப்பது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. லாக்கை விடும்போது இன்டரப்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடக் கூடாது. நம்மை அழைத்தவர் ஏற்கெனவே அதை நிறுத்தி வைத்திருக்கலாம். நாம் திறந்தால் அவருடைய பாதுகாப்பு போய்விடும். ஆகவே முன்பு எந்த நிலையில் இருந்ததோ அதைக் குறித்து வைத்து, அப்படியே திருப்பித் தர வேண்டும்.

ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கக்கூடாது என்பது அடுத்த விதி. நினைவகம் கேட்பதுகூடத் தூக்கத்தில் முடியலாம். ஃபைல் சிஸ்டம் எழுதுபவர்களுக்கு இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. தன் லாக்கை வைத்துக்கொண்டு நினைவகம் கேட்கிறார்கள். இடம் இல்லை. இடம் உண்டாக்க, கெர்னல் நினைவகத்தில் இருக்கும் பழைய பக்கங்களை வட்டில் எழுதப் போகிறது. எழுத வேண்டியது அதே ஃபைல் சிஸ்டம். அதற்கு அதே லாக் வேண்டும். அதனால்தான் 'நினைவகம் கொடு, ஆனால் அதற்காக ஃபைல் சிஸ்டத்தைத் தொடாதே' என்று சொல்லிக் கேட்க ஒரு தனி முறை இருக்கிறது.

இத்தனை தொல்லைக்கு ஒரே ஒரு லாக்கே போதாதா? லினக்ஸ் அப்படித்தான் தொடங்கியது. 1996-இல் வந்த 2.0 பதிப்பு, பல சிபியுக்களைத் தாங்க ஒரு பெரிய கெர்னல் லாக்கைக் கொண்டுவந்தது. கெர்னலுக்குள் ஒரு சமயத்தில் ஒரே கோர். அந்த லாக்கை எடுத்தவரே மறுபடி எடுக்கலாம், தூங்கப் போனால் அது தானாக விடுபடும். வசதிதான், ஆனால் அது எந்தத் தகவலைக் காக்கிறது என்பது போகப்போக யாருக்கும் தெரியாமல் போனது. ஒவ்வொரு இடமாகப் படித்துப் பார்த்து அதைப் பிடுங்கி எறிய 2011 வரை ஆனது. 2.6.39 பதிப்பில்தான் அது முழுவதும் போனது.

வரிசை என்பது மனிதர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். நினைவகத்தை நிர்வகிக்கும் கெர்னல் நிரல் ஃபைல் ஒன்றின் தலைப்பில், எந்த லாக்குக்குள் எது வர வேண்டும் என்று படிப்படியாக உள்தள்ளி எழுதிய ஒரு குறிப்பே இருக்கிறது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதைப் படிப்பதில்லை. இந்த இடத்தில் கைகொடுப்பது லாக்டெப் என்ற சோதனைக் கருவி. இங்கோ மோல்னார் எழுதியது, 2006-இல் 2.6.18 பதிப்போடு வந்தது. அது ஒவ்வொரு லாக்கையும் தனித்தனியாகப் பார்க்காமல், ஒரே வகை லாக்குகளை ஒரு குடும்பமாக எடுத்துக்கொள்கிறது. முதல் வகையை வைத்துக்கொண்டு இரண்டாவதை யாராவது எடுத்தால், முதலிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு அம்பு வரைகிறது. என்றைக்காவது வேறு ஒரு வழியில் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை எடுத்தால், அம்புகள் வட்டமாகின்றன. உடனே எச்சரிக்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் மோத வேண்டியதில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று நடந்தாலே போதும். பத்து லட்சத்தில் ஒரு முறை வரும் விபத்தை, அது வருவதற்கு முன்பே பிடித்துவிடுகிறது. இன்டரப்டுக்குள் எடுக்கப்படும் லாக்கை வேறெங்காவது இன்டரப்டை நிறுத்தாமல் எடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடும். வேகம் குறையும் என்பதால் சோதனைக்கான கெர்னல்களில் மட்டும் இதை இயக்குகிறார்கள்.

ஒரு முறையாவது ஓடிய வழியைத்தான் லாக்டெப் பார்க்கும். ஓடாத வழியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கெர்னலில் அரிதாக ஓடுபவை பிழை வரும்போது போகும் வழிகள். நினைவகம் கிடைக்கவில்லை, கருவி பதில் சொல்லவில்லை என்று பாதியில் திரும்பும் இடங்கள். லாக்கை விட மறந்து திரும்புவதும், வரிசை மாற்றி எடுப்பதும் அங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கும். மறதிக்கு மருந்தாக, செயல்பகுதியை விட்டு வெளியேறும்போது லாக் தானாகவே விடுபடும் ஏற்பாடு 2023-இல் 6.5 பதிப்பில் வந்தது. வரிசை மாறுவதைப் பிடிக்க, நினைவகம் கேட்கும்போது வேண்டுமென்றே 'இல்லை' என்று பதில் தரும் வசதியும் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதையும் லாக்டெப்பையும் சேர்த்து இயக்கிவிட்டு ஒரு புதிய டிரைவரைச் சோதித்தால், அதுவரை யாருமே நடந்திராத அந்த வழிகளிலும் அம்புகள் விழத் தொடங்கும்.