ஃபார்ம் 3 வாங்கினாயா?

போன ஆடி மாதம் ஒரு பிள்ளை, இடுப்பில் குழந்தையோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். நான் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். நாலு வருஷத்துக்கு முன் எங்கள் கபடி டீமின் ரைடர். "மேடம், கவர்ன்மென்ட் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில அப்ளை பண்றேன். ஃபார்ம் 3 கேக்குறாங்க." கையில் லேமினேட் செய்த ஒரு சான்றிதழ்: கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதலிடம்.

அது ஃபார்ம் 3 இல்லை. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் ஃபார்ம் 3 என்பது, பல்கலைக்கழகத்தின் சார்பில் இன்டர் யுனிவர்சிட்டி போட்டியில் ஆடியவர்களுக்கு உரியது. பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர் தன் கைப்படக் கையெழுத்திட்டால்தான் செல்லும். கல்லூரிக்காக எத்தனை கப் வாங்கியிருந்தாலும் அது வேறு கணக்கு.

அவள் சவுத் ஜோன் இன்டர் யுனிவர்சிட்டி போட்டியில் ஆடியவள்தான். ஆனால் ஃபார்ம் 3 வாங்கி வைக்கவில்லை. பழைய பதிவில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் இப்போது கணவரின் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட வேண்டும். பீரோவைக் குடைந்து போட்டிக்குப் பெயர் கொடுத்த என்ட்ரி ஃபார்ம் நகல், ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம், டீம் போட்டோ எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். விண்ணப்பத்துக்கு நாலு நாள்தான் மிச்சம். ஃபார்ம் கைக்கு வர ஆறு வாரம் ஆயிற்று.

இதில் என் தப்பும் உண்டு. டீம் ஊர் திரும்பிய வாரமே நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அடுத்த மேட்ச் வந்துவிட்டது, விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிற பெண்கள், யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி 8 நிமிடம் ஓடிக் காட்ட வேண்டும். 30 வயதுக்குள் என்றால் அந்த நேரத்தில் 1,000 மீட்டர். நானும் ஓடினேன். ஃபைல் கட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை! பத்தொன்பது வருஷத்தில் விசிலைவிடப் பேனாவைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன். ஓ.டி., டி.ஏ. (பயணப்படி) பில், "மேடம் நீங்க கூடப் போறீங்கன்னாதான் அனுப்புவோம்" என்கிற அப்பாக்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெண்கள் டீமோடு ஒரு பெண் போகத்தான் வேண்டும்.

பெற்றோரிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். "நேஷனல் மேட்ச், பணம் கட்டினால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் வரும். செலக்ஷனே இல்லாமல் நேஷனலா? அந்தச் சம்மேளனம் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நகையை அடகு வைத்து மகளை அனுப்பிவிட்டு வந்து கேட்கிற அம்மாவிடம், "இந்தச் சான்றிதழ் செல்லாது" என்று சொல்வதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி.

பிள்ளைகளே, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிற பெயர், அதே எழுத்து, அதே இனிஷியல்தான் என்ட்ரி ஃபார்மிலும் இருக்க வேண்டும். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். மையும் முத்திரையும் அசல்தானா என்று பார்க்க வருகிறவருக்கு அந்த பிளாஸ்டிக் இடைஞ்சல். ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சு வந்து, கடைசி வருஷம் அஞ்சல்வழிக்கு மாறுகிறவர்கள் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள். ரெகுலர் மாணவியாக இல்லாவிட்டால் யுனிவர்சிட்டி டீமில் ஆட முடியாது.

இந்த வருஷம் டீம் திரும்பி வந்ததும் கப்போடு செல்ஃபி எடுக்க ஓடினார்கள். மறித்து ஆளுக்கொரு ஃபார்ம் 3 விண்ணப்பத்தை நீட்டினேன். "பசிக்குது மேடம்" என்றாள் கேப்டன். பூர்த்தி செய்து கொடுத்த பிறகுதான் பரோட்டா.