15 வருஷம் பொறுத்த கை

ஆத்தங்குடியிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி எழுதியிருந்தார். தோலைப் பற்றிய அறிவியல் படிக்க ஆசையாம், என்ன சேரலாம், என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருந்தார். கூடவே அப்பாவின் கதை. டைல்ஸ் பட்டறையில் 15 வருஷம் வேலை பார்த்தவருக்கு இப்போது கையெல்லாம் அரிப்பு, வெடிப்பு. "அதே சிமென்ட், அதே வேலை. இத்தனை நாள் வராதது இப்போது ஏன் வந்தது? அப்பத்தா கண்ணுபட்டுப்போச்சு என்கிறார்."

சரி, முதலில் கை.

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் தூவி, ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்வார்கள். ஈர சிமென்டின் பிஎச் (அமில-கார அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) 12-க்கு மேல். நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டியது. அந்தக் காரம் மேல்தோல் செல்களுக்கு இடையிலுள்ள கொழுப்புப் பூச்சைக் கெடுக்கிறது. பூச்சு உதிர்ந்த சுவரில் ஈரம் இறங்குவதுபோல, சிமென்டில் துளியளவு இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியம் என்ற உலோகத்தின் ஒரு வடிவம்) உள்ளே இறங்குகிறது.

இதற்கு மேல் நடப்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. உள்ளே போன குரோமியம் மூன்று இணைதிறனுக்கு மாறி, தோலின் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. நம் புரதம்தான், ஆனால் சாயல் மாறிவிட்டது. மேல்தோலில் கிளை விரித்துக் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல் அதைக் கண்டுகொள்கிறது. (1868-இல் பால் லாங்கர்ஹான்ஸ் மருத்துவ மாணவராக இருந்தபோதே கண்டவை இவை. நரம்பு செல்கள் என்று நினைத்துவிட்டார். கணையத்தின் இன்சுலின் திட்டுகளுக்கும் இவர் பெயர்தான்.) அந்தப் புரதத்தை விழுங்கிய செல், கிளைகளை மடக்கிக்கொண்டு இடத்தைவிட்டுக் கிளம்புகிறது. எங்கே? கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டும் என்போமே, அந்த நிணநீர் முடிச்சுக்கு. அங்கே லட்சக்கணக்கான டி செல்கள், உடம்பின் நோய் எதிர்ப்புப் படையாட்கள். கொண்டுபோன துணுக்கு அவற்றில் ஒன்றுக்குப் பொருந்திவிட்டால் அது பல்கிப் பெருகும். சில செல்கள் நினைவோடு வருஷக்கணக்கில் உடம்பில் சுற்றும்.

இந்தப் பொருத்தம் சிலருக்குச் சில மாதத்தில் நேரும், சிலருக்குப் பல வருஷம் கழித்து, சிலருக்குக் கடைசிவரை நேராது. இதுதான் ஒவ்வாமை. நேர்ந்த பிறகு அரிப்பு வரத் துளி குரோமியம் போதும். ஆனால் டி செல்கள் கைக்கு வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். திங்கட்கிழமை தொட்டது புதன்கிழமை அரிக்கும். "இன்றைக்குப் புதிதாக எதையும் தொடவில்லையே" என்ற குழப்பம் வருவதும், கண்ணேறு உள்ளே நுழைவதும் இந்த இடைவெளியில்தான். சுற்றிப்போடுவதிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன, அதுவரை கை சிமென்டிலேயே இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

இதற்கு வழி உண்டு. இரும்புச்சத்து மாத்திரையில் இருக்கும் ஃபெரஸ் சல்ஃபேட்டைச் சிமென்டில் கலந்தால், குரோமியம் மூட்டையிலேயே தோலுக்குள் எளிதில் புகாத வடிவத்துக்கு மாறிவிடும். டென்மார்க் 1980-களிலேயே இதைச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் 10 லட்சத்துக்கு 2 பங்குக்கு மேல் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கக்கூடாது. முகத்தை வெளுக்கவைக்கும் ஆராய்ச்சிக்குப் போகும் பணத்தில் ஒரு பங்காவது உழைக்கும் கைகளுக்கு வர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

படிப்புக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் டெர்மல் சயின்ஸ் என்றே பட்டம் உண்டு. இங்கே அந்தப் பெயரைத் தேடி அலைய வேண்டாம். மருத்துவர் ஆவதென்றால் எம்.பி.பி.எஸ்., அப்புறம் தோல் பிரிவில் 3 வருஷ எம்.டி. இல்லையென்றால் உயிர்வேதியியலோ மைக்ரோபயாலஜியோ பார்மசியோ படித்து மேலே போகலாம். களிம்பு, அழகுசாதனப் பாதுகாப்புச் சோதனை, தீக்காயத்துக்குத் தோல் வளர்ப்பது, தொழிலாளர் உடல்நலம் என்று வேலைகள் விரியும். சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மாட்டுத்தோலுக்கான இடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தோலிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தைக் கொண்டு புண் ஆற்றும் ஆராய்ச்சியும் அங்கே நடந்திருக்கிறது.

அதற்கு முன்னால் அப்பாவைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப்போய் 'பேட்ச் டெஸ்ட்' கேளுங்கள். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளாக ஒட்டி, 2 நாள் கழித்து எடுப்பார்கள். எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். குரோமியம் வில்லை இருந்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தால், டி செல்கள் வந்து சேர்ந்துவிட்டன.