ஆணுக்கு எழுதும் அதே மருந்துச் சீட்டு பெண்ணுக்கும் போதுமா?

போதை மறுவாழ்வு என்றாலே சென்னையில் ஆண் நோயாளி, கூட வரும் மனைவி அல்லது அம்மா என்றுதான் நினைக்கிறோம். ஹான்ஸ் புகையிலை மெல்லும் பெண்ணும் தூக்க மாத்திரையை விட முடியாத பெண்ணும் கணக்கிலேயே வருவதில்லை. மருந்து விஷயத்திலும் இதே கதைதான்.

புகையிலையில் உள்ள போதைப்பொருளான நிக்கோட்டினைப் பெண்ணின் கல்லீரல் ஆணைவிட வேகமாகக் கழிக்கிறது. கருத்தடை மாத்திரை எடுத்தாலோ கர்ப்பமானாலோ வேகம் இன்னும் கூடும். அதோடு, பல பெண்களுக்குப் புகையிலை என்பது மன இறுக்கத்தைத் தணிக்கும் வழி. நிக்கோட்டினை மட்டும் ஈடுகட்டினால் இறுக்கம் அப்படியே நிற்கும். புகையிலையை விடத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் பெண்களிடம் சற்றுக் குறைவாக எடுபடுவதற்கு இவையும் காரணமாகலாம்.

புகையிலையை விட உதவும் வரெனிக்ளின் மாத்திரை பெண்களுக்குப் பேட்ச்சைவிட நன்றாகக் கைகொடுக்கிறது. முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒருவேளை, அடுத்த நான்கு நாள் இருவேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இருவேளை, மொத்தம் 12 வாரம். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டிப் பாதியில் விடுபவர்கள் அதிகம். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம்.

நிக்கோட்டின் சூயிங்கம்மைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். ஃபில்டர் காபி குடித்து 15 நிமிடம் கழித்துத்தான் வாயில் போடலாம். இல்லையென்றால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

மன அழுத்தத்தையும் சிந்தனைத் திறனையும் சேர்த்துக் குறிவைக்கும் மருந்து குவான்ஃபசின். முதலில் ரத்த அழுத்தத்துக்காக வந்தது. பதற்றத்தில் சுரக்கும் நோரட்ரீனலின் என்ற ரசாயனத்தின் கொந்தளிப்பை அடக்கி, ஆசையைக் கட்டுப்படுத்தும் முன்மூளைக்குத் தெம்பு தருகிறது. கோகைன் பழக்கம் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், அழுத்தம் தரும் நிகழ்வை மனதில் ஓட்டிப் பார்த்தபோது பெண்களுக்கு ஏக்கமும் பதற்றமும் தணிந்தன. ஆண்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. போதைச் சிகிச்சைக்கு இது இன்னும் அங்கீகாரம் பெற்ற மருந்தல்ல. ரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். ஆகவே தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

தூக்க மாத்திரை சோல்பிடெம் பெண்களின் ரத்தத்தில் காலைவரை கூடுதலாகத் தங்குவதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-ல் அவர்களுக்கான ஆரம்ப அளவை 10 மி.கி.யிலிருந்து 5 ஆகக் குறைத்தது. பக்கத்து வீட்டு அண்ணனின் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலையில் ஸ்கூட்டி ஓட்டினால் விபத்துதான்.

மருத்துவரிடம் மாதவிடாய்த் தேதி, கருத்தடை மாத்திரை, கர்ப்ப வாய்ப்பு, பால் கொடுப்பது எல்லாவற்றையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது.