சங்கிலி விரால் என்று ஒரு மீன் இல்லை

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் விடுமுறை நாள்களில் ஏரி ஏரியாகப் போய் மீன் பிடித்துக் காணொளி போடுவார். கை பழகிய மனிதர், பேச்சும் கலகலப்பு. ஒரே ஒரு குறை. பச்சையும் பொன்னுமாக மின்னுகிற, வாத்து அலகு மாதிரி மூக்கு நீண்ட ஒரு மீனைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் "பாருங்க மக்களே, சங்கிலி விரால்!" என்பார். முதல் தடவை சிரித்துக்கொண்டேன். நாலாவது தடவை ஃபோனை ஓரமாக வைத்தேன். போன வாரம் வாட்ஸாப்பில் யாரோ ஒருவர் அனுப்பிய சமையல் குறிப்பிலும் 'சங்கிலி விரால் வறுவல்' என்று வந்துவிட்டது. பெயர் பரவ ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்த பிறகு எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது?

அந்த மீன் செயின் பிக்கரல். ஈசாக்ஸ் நைகர் என்பது அறிவியல் பெயர், 1818இல் லெசூர் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் கொடுத்தது. நைகர் என்றால் லத்தீனில் கறுப்பு. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கறுப்பாகத் தெரியாத மீனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதீர்கள். பைக் என்பது கூர்முனை வைத்த ஈட்டி வகை ஆயுதம். மூக்கு அப்படி இருப்பதால் ஐரோப்பாவின் ஒரு பெரிய ஏரி மீனுக்கு அதே பெயர் வந்தது. அதோடு 'ரெல்' என்ற சிறுமை விகுதி சேர்ந்து பிக்கரல். சேவலைக் குறிக்கும் 'காக்' என்ற சொல்லிலிருந்து இளஞ்சேவலுக்குக் 'காக்கரெல்' வந்த அதே வழி. ஆக, பிக்கரல் என்றால் குட்டி பைக். இங்கிலாந்தில் இன்றும் பைக்கின் குஞ்சுக்கு அதுதான் பெயர். அமெரிக்காவில் குடியேறியவர்கள் பைக் மாதிரியே இருந்தும் அந்த அளவுக்கு வளராத மீன்களைக் கண்டார்கள், பழைய சொல்லையே அவற்றுக்குச் சூட்டிவிட்டார்கள். சொல் வரலாறு அவ்வளவுதான்.

இனி விரால் விவகாரம்.

விரால் நம் ஊர் மீன். பழைய பாட்டுகளில் வரால் என்று வரும். குளத்திலும் வயல் வாய்க்காலிலும் சேற்றிலும் வாழும். தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும், அதனால்தான் சந்தையில் அண்டாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு உயிரோடு வைத்து விற்க முடிகிறது. பிக்கரலைக் கரையில் போட்டால் அதற்கு அந்த வித்தை தெரியாது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். விராலின் முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் ஆரம்பித்து வால் வரைக்கும் ஒரே கரையாக ஓடும். பிக்கரலுக்கு முதுகில் இருப்பது ஒரே ஒரு சின்னத் துடுப்பு, அதுவும் வாலை ஒட்டிப் பின்னால் தள்ளி, ஏதோ மறந்துபோய்க் கடைசியில் வைத்துத் தைத்தது மாதிரி. விராலின் தலை பாம்புத் தலை. பிக்கரலின் தலை சப்பையான நீண்ட அலகு. இந்த இரண்டையும் ஒன்று என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

குணத்தில் இன்னும் தூரம். விரால் குஞ்சுகள் செம்பு நிறத்தில் கூட்டமாக மேலே சுற்றும், தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத் தூண்டில் போடுவதைப் பாவம் என்று சொன்ன பெரியவர்களை எனக்குத் தெரியும். பிக்கரல் அப்படியெல்லாம் குடும்பம் நடத்தாது. பனி உருகிய கையோடு, தண்ணீர் பத்து டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும்போதே, பிசுபிசுப்பான சரமாக முட்டையை நீர்ச்செடிகள் மேல் விட்டுவிட்டுப் போய்விடும். கூடும் கிடையாது, காவலும் கிடையாது.

சரி, நண்பரின் பக்கத்தையும் சொல்லவேண்டும். இரண்டும் செடி மறைவில் பதுங்கி இரை பிடிப்பவை. அல்லி இலைகளுக்கு மேலே ரப்பர் தவளையை இழுத்தால் விராலும் பாயும், பிக்கரலும் பாயும். பழகிய கைக்கு அந்த அடி ஒன்று போலத்தான் இருக்கும். அவர் கும்பகோணத்துக்காரர், சின்ன வயதில் விரால் பிடித்து வளர்ந்தவர். அந்த ஞாபகத்தில் வாயில் வந்துவிட்டது. இது எனக்குப் புரிகிறது. ஆனால் ஞாபகத்துக்காக ஒரு மீனின் பெயரை இன்னொரு மீனின் தலையில் கட்டினால் அந்தச் சமையல் குறிப்பின் கதிதான். விராலுக்கு ஏன் அந்த விலை? நடுமுள்ளை எடுத்துவிட்டால் சதைக்குள் வேறு முள் இல்லை, குழந்தைக்கும் ஊட்டலாம். பிக்கரலின் சதை முழுக்கக் கவட்டை வடிவத்தில் பொடி முள். அந்த ஊர்க்காரர்கள் சதையைப் பொடிப் பொடியாகக் கீறி, நல்ல சூட்டில் பொரித்து, முள்ளை மொறுமொறுப்பாக்கித்தான் தின்கிறார்கள். விரால் என்று நம்பி ஒரு வாய் வைத்தால் தொண்டை பதில் சொல்லும். குறிப்பை எழுதிய புண்ணியவான் கீறுவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விரால் குடும்பத்து மீன் அமெரிக்காவில் நிஜமாகவே இருக்கிறது. சீனா, கொரியா பக்கத்து வடக்கு விரால் 2002இல் மேரிலாந்தில் கிராஃப்டன் என்ற ஊரின் ஒரு குட்டையில் அகப்பட்டது. குட்டைக்கே மருந்து ஊற்றிக் கொன்றார்கள். அதே ஆண்டில் விரால் குடும்பம் மொத்தத்தையும் தீங்கு செய்யும் உயிரினம் என்று பட்டியலிட்டு, உயிரோடு நாட்டுக்குள் கொண்டுவருவதைத் தடுத்தார்கள். அப்படியும் அது ஆறுகளில் பரவிவிட்டது. அதைப் பிடித்தால் திரும்ப விடாதே, கொன்றுவிடு என்றுதான் அங்குள்ள மீன்வளத் துறைகள் சொல்கின்றன. பிக்கரலோ அந்தக் கரையின் சொந்தப் பிள்ளை. இத்தனை அங்குலத்துக்குக் குறைந்தால் தண்ணீரிலேயே விடு, ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் எடுக்காதே என்று மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வைத்துக் காக்கிறார்கள். இப்போது தமிழ் மட்டும் பேசும் ஒரு அப்பா, மகன் வீட்டுக்கு வந்த இடத்தில், இந்தக் காணொளியைப் பார்த்துவிட்டுத் தூண்டிலோடு ஏரிக்குப் போகிறார் என்று வையுங்கள். 'விராலைக் கண்டால் கொல்' என்ற பலகையை யாராவது அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னால் அவர் எதைக் கொல்வார்? பெயர்தானே, என்ன பெரிதாகக் கெட்டுவிடும் என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

'சங்கிலி' என்ற முன்பாதியில் எனக்குத் தகராறு இல்லை. விலாவின் இரு பக்கமும் கருங்கோடுகள் ஒன்றோடொன்று பின்னி, நடுநடுவே பொன்பச்சைக் கண்ணிகளாக விடும். சங்கிலித் தையல் போட்ட ரவிக்கைக் கை மாதிரி இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதையே வலைக்கண் என்று பார்த்தார்கள். அவர்கள் மொழியில் பைக்குக்கு ப்ரோஷே, அதாவது கறி சுடும் கம்பியிலிருந்து வந்த பெயர். இந்த மீன் வலைக்கண் போட்ட ப்ரோஷே. ஆனால் சங்கிலியை மட்டும் நம்பி மீனை அடையாளம் கண்டுவிட முடியாது. சின்ன வயதில் அந்தக் கோலம் சரியாக விழாது, பட்டை பட்டையாகத்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே மை கரைந்து வழிந்தது போல ஒரு கறுப்புக் கோடு நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். அதே கோடு பின்பக்கமாகச் சாய்ந்து, மூக்கும் குட்டையாக இருந்தால் அது இதன் தம்பி, சிவப்புத் துடுப்புப் பிக்கரல். அப்புறம் கன்னத்தையும் செவுள் மூடியையும் தடவிப் பாருங்கள். இரண்டும் முழுக்கச் செதிலாக இருந்தால் பிக்கரல். கன்னம் முழுக்கச் செதில், செவுள் மூடியில் மேல்பாதி மட்டும் என்றால் வடக்கு பைக். இரண்டிலுமே மேல்பாதி மட்டும் என்றால் மஸ்கி, பைக் குடும்பத்தின் இன்னொரு பெரிய மீன்.

தடவும்போது விரலை வாய்ப் பக்கம் கொண்டு போகவேண்டாம். நான் ஒரு தடவை கொண்டு போனேன். தாடை, மேலண்ணம், நாக்கு என்று எல்லா இடத்திலும் பல், பின்பக்கம் சாய்ந்த பல். நீண்ட மூக்கு இடுக்கி இல்லாமல் இந்த மீனிடம் போகக் கூடாது. தூண்டில் நரம்பின் நுனியில் ஒரு சாண் கம்பியோ தடித்த நரம்போ கட்டாவிட்டால் முள்ளோடு அறுத்துக்கொண்டு போய்விடும். நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் காட்டு ஏரிகளில் தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருக்கும், புளிப்புத் தன்மையும் அதிகம். வேறு பல மீன்களுக்கு ஒத்துக்கொள்ளாத அந்தத் தண்ணீரில் பிக்கரல் சௌக்கியமாக வாழும். செடி ஓரமாக ஸ்பின்னரை, அதாவது சுழன்று மின்னுகிற தகடு வைத்த போலி இரையை, இழுத்து, சட்டென்று நிறுத்தி, மறுபடி இழுக்கவேண்டும். குச்சி மாதிரி அசையாமல் நின்றது ஒரே பாய்ச்சலில் வந்து விழும். சில சமயம் கரை வரை பின்னாலேயே வந்து, நாம் தூண்டிலைத் தூக்கப்போகிற நேரத்தில் கவ்வும். குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளை போட்டுச் சின்ன மீனை உயிரோடு தொங்கவிட்டு, மீன் கடித்தால் எழும்படி மாட்டிய சின்னக் கொடி எழுவதற்காகக் காத்திருப்பார்கள். விரால் அந்தக் குளிரில் வருமா என்று நண்பரிடம் கேட்டேன். "அது வேற விரால்ணே" என்றார்!

விராலுக்குப் போட்டியாக வேறு பெயர்களும் கிளம்பியிருக்கின்றன. ஒரு மொழிபெயர்ப்புச் செயலி 'சங்கிலி ஊறுகாய்' என்றது. அதோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. 'நன்னீர்ச் சீலா' என்று ஒருவர் சொன்னார். உருவத்தில் சீலா எவ்வளவோ பரவாயில்லை, நீண்ட உடம்பு, கூர்மூக்கு, பல். ஆனாலும் சீலா கடல் மீன், அதற்கு முதுகில் இரண்டு துடுப்பு. விராலிடம் செய்த அதே தப்பை மரியாதையாகச் செய்வதுதான் இது. தனித்தமிழ் அன்பர் ஒருவர் சங்கிலி வடசொல் என்று ஒதுக்கிவிட்டுத் 'தொடரி மீன்' என்று எழுதினார். ஐயா, தொடரி என்றால் இன்றைக்குப் படிக்கிறவனுக்கு ரயில் ஞாபகம் வரும். கிணற்றடியிலும் மாட்டுக் கொட்டகையிலும் அம்மா கழுத்திலும் கிடக்கிற சங்கிலியைத் தமிழ் இல்லை என்று துரத்திவிட்டு யாருக்காக எழுதுகிறோம்? தூய்மை எனக்கும் பிடிக்கும், ஆனால் மீன் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

பிக்கரல் என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் போதாதா என்பீர்கள். அதிலும் ஒரு குழி இருக்கிறது. ஸ்காபரோவில் இருக்கும் என் சித்தி மகன் கடையில் பிக்கரல் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு, "அண்ணா, சங்கிலியையே காணோமே" என்று படம் அனுப்பினான். கனடாவில் பிக்கரல் என்று விற்பது வால்ஐ. அதற்கும் பைக்குக்கும் உறவே இல்லை, அது பெர்ச் குடும்பம். இரண்டு முதுகுத் துடுப்பு, இருட்டில் பூனைக்கண் போல மின்னும் கண். பிரெஞ்சு பேசும் கனடியர்கள் தங்க நிறத்தைப் பார்த்து டோரே என்கிறார்கள், அவர்களுக்குக் குழப்பம் இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர்கள்தான் ஒரே பெயரை இரண்டு மீனுக்கு வைத்துக்கொண்டு எல்லை தாண்டும்போதெல்லாம் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தை நாம் ஏன் எழுத்து மாறாமல் இறக்குமதி செய்யவேண்டும்?

என் கணக்கு எளிது. பைக்குக்கு ஈட்டிமீன். ஆங்கிலமும் பிரெஞ்சும் அந்த மூக்கில் கண்டது கூரான கருவியைத்தான், நம் கையிலும் ஈட்டி இருக்கிறது. பிக்கரலுக்குச் சிற்றீட்டி. அந்த 'ரெல்' விகுதியின் வேலையை நம் 'சிறு' செய்துவிடும். செயின் பிக்கரல் சங்கிலிச் சிற்றீட்டி. ஒரு தடவை மட்டும் பக்கத்தில் செயின் பிக்கரல் என்று எழுதிக் காட்டிவிட்டு, அப்புறம் தமிழிலேயே போகலாம். வாயில் கொஞ்சம் நெருடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். கத்தரிக்காயைச் சொல்வது போல எடுத்த எடுப்பில் வந்துவிடாது.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். இப்போது மொழிபெயர்க்கிறவர்கள் உயிரினப் பெயர் வந்தால் படத்தைக்கூடப் பார்ப்பதில்லை. ஓக் மரத்தைக் கருவாலி என்று ஒருவர் எழுதினால், அடுத்தவர் கருவேலம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நீளமாக இருந்தால் விலாங்கு, பல் இருந்தால் விரால், வேறு எதுவாக இருந்தாலும் கெண்டை. மீன்காரம்மாவிடம் இப்படி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், கூடையை மூடிக்கொண்டு போய்விடுவார்.

இவ்வளவையும் நண்பருக்குக் குரல்பதிவாக அனுப்பினேன், பதினோரு நிமிடம். பொறுமையாகக் கேட்டிருக்கிறார். "சிற்றீட்டி நல்லாத்தான் இருக்குண்ணே, ஆனா மீன் துள்ளும்போது வாயில வரலியே" என்றார். இந்த வாரக் காணொளியில் மீனைத் தூக்கி, கண்ணுக்குக் கீழே ஓடும் கோட்டைக் காட்டி, "நம்ம சங்கிலிக் கருப்பன் வந்துட்டாரு" என்று கூவினார். மறுத்து எழுத உட்கார்ந்தேன். சங்கிலி சரி. கருப்பன், லெசூர் வைத்த நைகர். அடுத்த தடவை போகும்போது கரையில் ஒரு சுருட்டு படைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.