கம்பி வெளிய தெரியுறதுக்கு முன்னாடியே பாலத்துக்கு வயசாகிடுது

தேவிபட்டினம், தொண்டி, வாலிநோக்கம்னு நம்ம ராமநாதபுரம் கரையோரம் போற ரோட்டுல சின்ன பாலம், கல்வெர்ட்டுன்னு எத்தனையோ இருக்கு, கம்பி பல்லை இளிச்சாத்தான் அது மோசம்னு நாம பேச ஆரம்பிப்போம். ஆனா அந்தக் கம்பி அரிக்க ஆரம்பிச்சு பல வருஷம் ஆகியிருக்கும்.

நல்ல கான்கிரீட்ல காரத்தன்மை அதிகம், பிஎச் 12க்கு மேல இருக்கும். அந்தக் காரத்துல கம்பி மேல கண்ணுக்கே தெரியாத ஆக்சைடு படலம் ஒண்ணு உருவாகி அதுதான் கம்பியைக் காப்பாத்துது. கடக்காத்துல வர்ற உப்பு ஈரத்தோட சேந்து நுண்துளை வழியா மெதுவா உள்ள இறங்கும், அதுல இருக்குற குளோரைடு கம்பிகிட்ட ஒரு அளவுக்கு மேல சேந்துட்டா படலம் உடைஞ்சுரும், அப்புறம் தண்ணியும் ஆக்சிஜனும் கிடைச்சா துருதான். துரு இரும்பை விட ரெண்டு மடங்குல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் இடத்தை அடைக்கும், அதுக்கு உள்ள இடம் ஏது, கான்கிரீட்டை நெம்பிப் பொளந்துரும். எப்பவும் தண்ணிக்குள்ளயே கிடக்குற தூண் பகுதியை விட, நனைஞ்சு நனைஞ்சு காயுற பகுதிதான் சீக்கிரம் போகும், ஏன்னா அங்கதான் உப்பும் ஆக்சிஜனும் சேந்து கிடைக்குது.

பாலத்துக்கு அடியில போய் சுத்தியலால தட்டிப் பாத்தா இது காதுக்கே தெரியும். நல்ல இடத்துல 'டங்'னு கணீர்னு கேக்கும், உள்ள பிரிஞ்சுபோன இடத்துல 'தொப்'னு பொள்ளல் சத்தம் வரும், பக்கத்துல கம்பி போற வாக்குலயே முடி கனத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியிருக்கும். அதை மட்டும் கொத்திட்டு சிமெண்ட் பூசிட்டுப் போறாங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். புதுசா பூசின இடத்துல கம்பி பத்திரமாயிரும், ஆனா உப்பு ஏறின பழைய கான்கிரீட்டை எடுக்காம விட்டதால ஒட்டுக்குப் பக்கத்துல இருக்குற கம்பி இன்னும் வேகமா அரிக்கும்.

கம்பிக்கு மேல இருக்குற கான்கிரீட் கனத்தை கவர்னு சொல்வாங்க. உப்பு ஊடுருவுற நேரம் அந்தக் கனத்தோட வர்க்கத்துல கூடும், அதாவது கவர் ரெண்டு மடங்குன்னா நேரம் சுமாரா நாலு மடங்கு. பாலம் கட்டுறதுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் போட்ட ஐஆர்சி 112 விதி, அலை தெறிக்கிற இடத்துக்கு 75 மில்லிமீட்டர் கேக்குறது இதுக்காகத்தான். காரைக்குடி செக்ரி ஆராய்ச்சி நிலையம் மண்டபத்துல மையம் வச்சு உலோகத்தையும் பூச்சையும் கடக்காத்துலயே போட்டு சோதிக்குதுன்னா, நம்ம காத்து எவ்வளவு பொல்லாததுன்னு பாத்துக்கோங்க.

தார் ரோடும் இதே மாதிரி ஏமாத்தும். ரொம்ப நாள் நல்லாவே இருக்குற மாதிரி தெரியும், விரிசல்ல தண்ணி இறங்கி அடி மண்ணு இளகிட்டா ஒரே ஐப்பசி கார்த்திகை மழையில குண்டும் குழியுமாயிரும். வண்டியோட ஒரு அச்சு (ஆக்சில்) ரோட்டு மேல இறக்குற எடை ரெண்டு மடங்கானா சேதம் சுமார் பதினாறு மடங்குங்கிறதால லோடு ஏத்தின உப்பு லாரியைத்தான் கணக்குல வைக்கணும், பைக்கையும் காரையும் இல்ல. விரிசல் விட்ட உடனே அடைச்சு, வாறுகாலைத் தோண்டி விட்டா ஆகுற செலவு, ரோட்டைப் பேத்து திரும்பப் போடுறதுல ஒரு சின்ன பங்குதான்.

நீண்டகால சொத்து மேலாண்மைன்னு சொல்றது இந்தக் கணக்கை மாவட்டம் முழுக்கப் போடுறதுதான். ஒவ்வொரு பாலமும், ஒவ்வொரு கிலோமீட்டரும் பதிவேட்டுல இருக்கணும், கட்டின வருஷம், கவர் கனம், குளோரைடு எவ்வளவு ஆழம் போயிருக்கு, எத்தனை வண்டி போகுதுன்னு எல்லாம் எழுதி, இன்னைக்கு இவ்வளவு செலவழிச்சா இருபது வருஷத்துல மொத்தம் எவ்வளவு ஆகும்னு பாக்கணும். இதுல கஷ்டமான முடிவு என்னன்னா, பணம் பத்தலைன்னா முழுசா போன ரோட்டை ஆபத்தில்லாத அளவுக்கு ஒட்டுப்போட்டு வச்சுட்டு, இன்னும் காப்பாத்தக்கூடிய ரோட்டுக்கு முதல்ல செலவு பண்ணணும். சனங்ககிட்ட இதைச் சொல்லிப் புரியவைக்கிறது லேசு இல்ல, ஆனாலும் அதுதான் சரின்னு நான் நினைக்கிறேன்.

இந்த வரிசையை மாத்துற விஷயம் ஒண்ணு உண்டு, அந்த இடத்துக்குப் போக வேற வழி இருக்கா இல்லையாங்கிறது. 1988ல திறந்த பாம்பன் ரோட்டுப் பாலம் ராமேஸ்வரம் தீவுக்கு ஒரே ரோட்டு வழி, அதனால அது எப்பவும் மேலதான் இருக்கும். அதே கணக்குல, ஒரு மீனவர் குப்பத்துக்குப் போக ஒரே வழியா இருக்குற சின்ன கல்வெர்ட்டும், அதுல நாளைக்கு பத்து வண்டியே போனாலும், பட்டியல்ல மேல ஏறணும்.