கோர், கேர், கரு: செயலியின் உள்ளே இருப்பதற்குத் தமிழ்ப் பெயர்

மொரிஷியஸ் தமிழ் மாணவர்களுக்குக் கணினிப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. கணினிச் செயலிக்குள் (பிராசசர்) கட்டளைகளை நிறைவேற்றும் பகுதியை அங்கே அவர்கள் ‘கோர்’ என்று படிக்கிறார்கள். கணினியைப் பிரெஞ்சில் அமைத்தால் விண்டோஸின் பணி மேலாளர் (டாஸ்க் மேனேஜர்) அதையே ‘கேர்’ என்று காட்டுகிறது, அதாவது இதயம். வீட்டில் பேசும் கிரியோலிலும் இதயத்துக்கு ‘லெகேர்’ என்றுதான் பெயர். இதனால் நான்கு கோர் உள்ள செயலி, தமிழில் ‘நான்கு இதயச் செயலி’ ஆகிவிட இங்கே வாய்ப்பு அதிகம். அந்தத் தமிழாக்கம் வேண்டாம்.

ஆங்கிலக் ‘கோர்’ முதலில் குறித்தது ஆப்பிள், பேரி போன்ற பழங்களின் நடுவே விதைகளைத் தாங்கும் கெட்டிப் பகுதியை. அது பழைய பிரெஞ்சுக் ‘கேர்’ வழியாக வந்தது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. முடிந்த முடிவு அல்ல. பிரெஞ்சில் முட்டைக்கோசின் நடுக்குருத்துக்கும் ‘கேர்’ என்றே பெயர் என்பதால், செயலிக்கும் அது பொருந்திவிட்டது. தமிழ் இதயமோ உடலுக்கு ஒன்று. நான்கு என்றதும் பொருள் சிதறுகிறது.

நம்மிடம் ‘கரு’ இருக்கிறது. அணுக்கரு, மஞ்சட்கரு, கருப்பொருள் என எல்லாவற்றிலும் உள்ளே இருந்து இயக்குவதையே அது சுட்டுகிறது. ஒரே ஓட்டுக்குள் இரண்டு கரு இருந்தால் இரட்டைக்கரு முட்டை என்கிறோம்; ஒரே சில்லுக்குள் கட்டளைகளை நிறைவேற்றும் பகுதிகள் இரண்டு இருந்தால் இரட்டைக்கருச் செயலி. நாற்கரு, எண்கரு, பல்கரு என்று அது இயல்பாகப் புணர்ந்தும் வருகிறது. ‘உள்ளகம்’ என்றும் எழுதலாம்தான். ஆனால் இலங்கைத் தமிழில் ‘உள்ளக விசாரணை’ போன்ற வழக்குகளில் அச்சொல் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது.

இயங்குதளத்தின் மைய நிரலான ‘கெர்னல்’ பகுதிக்கு வழங்கும் ‘கருனி’யும் இதே வேரிலிருந்து வந்ததுதான். கரு வன்பொருள், கருனி மென்பொருள். கருக்களுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது கருனியே என்பதால் இந்த உறவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. (நிரல் முறியும்போது நினைவகத்தில் இருந்ததைக் கோப்பில் கொட்டிவைப்பதைக் குறிக்கும் ‘கோர் டம்ப்’ என்பதில் வரும் கோர் வேறு, அது 1950களின் காந்த வளைய நினைவகத்திலிருந்து வந்த சொல்.)

ஐபிஎம் 2001இல் பவர்4 செயலியில் இரு கருக்களை ஒரே சில்லில் வைத்தது. 2005இல் இன்டெலும் ஏஎம்டியும் அதை மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தன. அதுவரை செயலி என்றாலும் கரு என்றாலும் மேசைக்கணினியில் ஒன்றுதான். இன்றுள்ள குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது: விண்டோஸ் சில இடங்களில் கருவையும் ‘செயலி’ என்றே அழைக்கிறது.

விண்டோஸ் தொடங்கும் முறையை அமைக்க உதவும் ‘எம்எஸ்கான்ஃபிக்’ கருவியில் ‘செயலிகளின் எண்ணிக்கை’ என்றொரு கட்டம் உண்டு. அதில் 4 என்று குறித்தால் கணினி வேகமெடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது சோதனைக்காகக் கருக்களைக் குறைப்பதற்கு வைத்த கட்டம். குறியிடாமல் விட்டால் விண்டோஸ் எல்லாவற்றையும் பயன்படுத்தும். கணினி தொடங்கும்போது ஒரு கரு மட்டுமே விழித்திருக்கும். மற்றவற்றைக் கருனிதான் எழுப்புகிறது. விண்டோஸ் 98க்கு அந்தத் திறன் இல்லை. லினக்ஸ் கருனி 1996இல் வந்த 2.0 பதிப்பில் அதைப் பெற்றது. உங்கள் கணினியில் சில கருக்கள் காணாமற்போயிருந்தால், முன்பு யாரேனும் அந்தக் கட்டத்தில் குறியிட்டார்களா என்று முதலில் பாருங்கள்; பிறகு கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான பயாஸின் அமைப்பையும் பாருங்கள்.

கரு 4 என்றும் ‘ஏரணச் செயலி’ (லாஜிக்கல் பிராசசர்) 8 என்றும் பணி மேலாளர் காட்டினால் பிழையில்லை. ஒவ்வொரு கருவும் இரண்டு இழைகளை ஏற்றுக்கொள்கிறது என்பதே அதன் பொருள். இழை என்பது ‘திரெட்’ என்பதற்கு, அதாவது வரிசையாக ஓடும் ஒரு கட்டளைத் தொடருக்கு, நல்ல தமிழ். ஒரே இழையில் ஓடும்படி எழுதிய நிரல், ஒரு நேரத்தில் ஒரு கருவில்தான் ஓடும். இழை இரட்டிக்காத நாற்கருச் செயலியில் அத்தகைய நிரல் முழு மூச்சாக ஓடினாலும், பணி மேலாளர் காட்டும் செயலிப் பயன்பாடு 25 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். இயங்குதளத்தின் எந்த அமைப்பை மாற்றினாலும் அது ஒரே நேரத்தில் பல கருக்களில் ஓடாது. நிரலைத்தான் பல இழைகளாகப் பிரித்து எழுத வேண்டும்.